காரும், கம்பி நீட்டிய கதையும்

போன பிப்ரவரியில ஒரு சனிக்கிழமை, காலங்காத்தால போன். "தம்பி, வண்டிக்குப் பின்னாடி எலி சுரண்டுற மாதிரி சத்தம் வருது. ரேடியோ போட்டா கொஞ்ச நேரம் சுரண்டுது, நிறுத்தினா மறுபடி கொஞ்ச நேரம் சுரண்டுது. எந்திரிச்சுட்டியா?" நம்ம அண்ணன்தான். எந்திரிக்கலைன்னாலும் எந்திரிச்சுட்டேன்னுதான் சொல்லணும். அண்ணி கையால எத்தனை வருஷமா பொங்கல் சாப்பிட்டிருக்கேன்!

அண்ணன்கிட்ட இருக்குறது 1994 மாடல் மாஸ்டா மியாட்டா. ரெண்டே சீட்டு, மடக்குற துணிக்கூரை, தவளை முழிக்கிற மாதிரி மேல எழும்புற ஹெட்லைட்டு. அண்ணி அந்த வண்டியை "என் சக்களத்தி"ன்னுதான் சொல்வாங்க.

போய்ப் பார்த்ததும் விஷயம் புரிஞ்சு போச்சு. முந்தின நாள் மழை, ராத்திரி உறைபனி. வெளியில நின்ன வண்டியில ஆண்டெனா கம்பி பொந்துக்குள்ள இருந்தபடியே ஐஸ் கட்டிக்கிச்சு. காலையில அண்ணன் ரேடியோவைப் போட்டிருக்கார். மோட்டார் கீழ இருந்து தள்ளுது, கம்பி நகர மாட்டேங்குது, நடுவுல மாட்டிக்கிட்ட நைலான் இழை பொட்டுன்னு அறுந்துடுச்சு. அறுந்தது மோட்டாருக்குத் தெரியாது இல்லையா, அது பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்கு. அதுதான் எலி.

"கம்பி மட்டும் தனியா கிடைக்கும்ணே. வாங்கி மாத்திடலாம்."

"எதுக்குப்பா? ரேடியோ எவன் கேக்குறான் இப்ப? பாட்டெல்லாம் போன்ல ஓடுது. ஒரு ரப்பர் மூடி வாங்கி ஓட்டையை அடைச்சுட்டுப் போயிடுவோம்."

நியாயமான கேள்விதான். சரின்னு சொல்ல வாயெடுத்தவன், ஏனோ "ஒரு வாரம் டைம் குடுங்கண்ணே"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்த ஒரு வாரம் ராத்திரி ராத்திரியா படிச்சதுதான் இந்தப் பதிவு. கார் பிடிக்காத மக்கள் பயப்பட வேண்டாம், இதுல காரை விட மனுஷங்கதான் ஜாஸ்தி.

*

கதை 1930ல ஆரம்பிக்குது. சிகாகோவில் பால் கால்வின்னு ஒருத்தர். அதுக்கு முன்னாடி ரெண்டு தொழில் பண்ணி ரெண்டுலயும் கையைச் சுட்டுக்கிட்டவர். 1928ல் கால்வின் மேனுஃபேக்சரிங் கார்ப்பரேஷன்னு ஒரு சின்ன கம்பெனி போட்டார். அடுத்த வருஷமே பங்குச் சந்தை கவுந்து ஊரே தலையில துண்டைப் போட்டுக்கிச்சு. வீட்டு ரேடியோ விக்கிற கம்பெனிகள் எல்லாம் அடிமாட்டு விலைக்குச் சரக்கைத் தள்ள, கால்வின் "காருக்குள்ள ரேடியோ வச்சா என்ன?"ன்னு யோசிச்சார். அப்படி ஏற்கனவே சிலர் வச்சிருந்தாங்க. ஆனா எல்லாம் ஆள் வச்சுத் தனியாச் செய்யுற வேலை, காசு கொட்டும்.

1930 ஜூன்ல அட்லாண்டிக் சிட்டியில ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. கால்வினுக்கு அதுல ஸ்டால் கிடையாது. தன்னோட ஸ்டூடிபேக்கர் கார்ல ரேடியோவை மாட்டிக்கிட்டு அங்கயே ஓட்டிட்டுப் போய், மாநாட்டு வாசல்ல நிறுத்தி, போறவங்க வர்றவங்க காதுல விழுற மாதிரி சத்தமா வச்சார். ஆர்டர் வந்துச்சு. அந்த ரேடியோவுக்கு அவர் வச்ச பேர்தான் மோட்டோரோலா. மோட்டார் ஓடுற வண்டிக்கான பாட்டுப் பொட்டின்னு அர்த்தம். அந்தக் காலத்துல விக்ட்ரோலான்னு கிராமஃபோன் இருந்துச்சே, அந்த 'ஓலா'. பின்னாடி 1947ல கம்பெனிக்கே அந்தப் பேரை வச்சுட்டாங்க. விலை 110ல இருந்து 130 டாலர். புது ஃபோர்டு மாடல் ஏ காரே சுமார் 500 டாலருக்கு வித்த காலம் அது. அதாவது காரோட விலையில கால்வாசி ரேடியோ!

சரி, ஆண்டெனா எங்க?

அங்கதான் சுவாரஸ்யம். அன்னைக்குக் கார்களுக்குக் கூரை முழுக்க இரும்பு கிடையாது. ஓரமெல்லாம் தகடு, நடுவுல மரச்சட்டம், அது மேல கோழிக்கூண்டுக்குப் போடுறோமே அந்தக் கம்பி வலை, அதுக்கு மேல பஞ்சு, கடைசியா தண்ணி இறங்காத துணி. அவ்வளவு அகலமான இரும்புத் தகட்டை உருட்டித் தர ஆலைகளுக்கு வசதி வரலை. ரேடியோ மாட்டுற ஆளுங்க கூரைத் துணியை உள்பக்கமா பிரிச்சு, அந்தக் கோழி வலையில ஒரு ஒயரை இணைச்சு, இல்லைன்னா செப்பு வலை ஒண்ணை விரிச்சுத் தைச்சு விட்டுடுவாங்க. தலைக்கு மேல பெரிய ஆண்டெனா, ஆனா யார் கண்ணுக்கும் தெரியாது. அப்ப பொந்தும் இல்லை, கம்பியும் இல்லை, மோட்டாரும் இல்லை.

இந்த நிம்மதி அஞ்சே வருஷம். அகலத் தகடு உருட்டுற ஆலைகள் வந்துடுச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் 1935 மாடல் கார்களுக்கு முழு இரும்புக் கூரை போட்டு, 'டரட் டாப்'னு பேர் வச்சு ஊரெல்லாம் விளம்பரம் பண்ணினாங்க. மத்தவங்களும் பின்னாலேயே வந்தாங்க. வண்டி உருண்டா தலை தப்பும், மழை ஒழுகாது, நல்ல விஷயம்தான். ஆனா ரேடியோக்காரங்க பொழைப்புல மண்ணு. இரும்புப் பொட்டிக்குள்ள வலையை விரிச்சா என்னத்தைக் கேக்கும்? ஆண்டெனாவைக் கொண்டு போய்க் காருக்கு அடியில, கால் வச்சு ஏறுற ஃபுட்போர்டுக்குக் கீழ கட்டினாங்க. சேறு, கல்லு, பனி எல்லாம் அதுல. அதுவும் சரிப்படாமத்தான் 1930களோட கடைசியில காருக்கு வெளியே, நட்டமா ஒரு கம்பி நின்னுச்சு.

ஆக, பாதுகாப்புக்காக வந்த இரும்புக் கூரை துரத்தி விட்ட அகதிதான் இந்தக் கம்பி.

*

இப்ப கொஞ்சம் பிசிக்ஸ். ஓடிடாதீங்க, ரெண்டே பத்தி.

அந்தக் காலத்து ஒலிபரப்பு எல்லாம் ஏ.எம்., நம்ம மீடியம் வேவ். அலையோட நீளம் சுமார் 200ல இருந்து 500 மீட்டருக்கும் மேல. ஒரு ஆண்டெனா ஒழுங்கா ஒத்திசைய அலை நீளத்துல கால்வாசியாவது இருக்கணும். கால்வாசின்னா 50 மீட்டர். கார்ல 50 மீட்டர் கம்பியா? அதனால ஏ.எம்.முக்குக் கார் ஆண்டெனா ஒரு ஒப்புக்குச் சப்பாணிதான். எந்த அளவுல வச்சாலும் அது 'ரொம்பச் சின்னது'. காத்துல இருக்குற மின்புலத்தைத் தொட்டுப் பார்க்குற ஒரு சின்ன கெபாசிட்டர் மாதிரி வேலை செய்யும், அவ்வளவே. பழைய கார் ரேடியோக்கள்ல ஓரமா ஒரு சின்ன திருகு இருக்கும். ஆண்டெனா மாத்தினா, 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மெல்லிய ஸ்டேஷனை வச்சுக்கிட்டு சத்தம் உச்சத்துக்கு வர்ற வரை அதைத் திருப்பணும். அந்தக் கம்பியோட, கேபிளோட கெபாசிட்டன்ஸுக்கு ரேடியோவைப் பழக்குற வேலை அது. பாதிப் பேர் இதைச் செய்யாமலேயே "புது ஆண்டெனா சரியில்லை"ன்னு திட்டுவாங்க.

கம்பிக்கு ஒரு கறாரான நீளம் வந்தது எஃப்.எம். வந்த பிறகுதான். எஃப்.எம். 88ல இருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை. நடுவுல 100னு வச்சுக்குங்க, அலை நீளம் 3 மீட்டர். அதுல கால்வாசி 75 சென்டிமீட்டர். உங்க அப்பா காலத்துக் கார்ல பார்த்த கம்பி கிட்டத்தட்ட அந்த நீளம்தான் இருந்திருக்கும். அமெரிக்கக் கார்கள்ல 31 அங்குலம்னு வழக்கமா வர்றதும் இதைச் சுத்தித்தான். கார் மேல முக்கால் மீட்டர் கம்பி நின்னது யாரோ டிசைனர் ரசிச்சுப் போட்டதால இல்லை, அந்த அலையோட உயரம் அது.

சரி, ஏன் 88லிருந்து 108? இதுக்குப் பதில் தேடப் போய்த்தான் எனக்கு அந்த வாரம் தூக்கம் போச்சு.

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். ரேடியோ உலகத்துல இந்த ஆள் கை வைக்காத இடமே கிடையாது. கல்லூரி மாணவனா இருக்கும்போதே, 1912ல, மெல்லிய சிக்னலைப் பல மடங்கு பெருக்குற சர்க்யூட்டைக் கண்டுபிடிச்சார். 1918ல சூப்பர்ஹெட்டரோடைன். கார் ரேடியோ, டிரான்சிஸ்டர்னு அப்புறம் வந்த ரேடியோக்கள்ல பெரும்பாலானது அந்தத் தத்துவத்துலதான் ஓடுச்சு. இடி மின்னல் சத்தமும் ஸ்பார்க் பிளக் சத்தமும் அலையோட உயரத்தைக் கெடுக்குது, அப்ப உயரத்துல சேதியை ஏத்தாம அதிர்வெண்ல ஏத்தினா என்னன்னு வருஷக்கணக்கா மல்லுக்கட்டி, 1933ல எஃப்.எம்.முக்குக் காப்புரிமை வாங்கினார். காருக்கு இதை விட வரப்பிரசாதம் உண்டா? ஒவ்வொரு காரும் தன்னோட ஸ்பார்க் பிளக்கையே தூக்கிக்கிட்டு அலையுது!

அவருக்கு நெருங்கிய நண்பர் டேவிட் சார்னாஃப், ஆர்.சி.ஏ. கம்பெனியோட பெருந்தலை. ஆர்ம்ஸ்ட்ராங் கல்யாணம் பண்ணிக்கிட்ட மரியன், சார்னாஃபோட செக்ரட்டரி. 1923ல கல்யாணப் பரிசா மனைவிக்கு ஒரு கையடக்க சூப்பர்ஹெட் ரேடியோவைத் தானே செஞ்சு குடுத்தார். கையடக்கம்னா அந்தக் காலத்துக் கையடக்கம், ஒரு சூட்கேஸ் அளவு :-)

ஆனா எஃப்.எம். வந்ததும் நட்பு கசந்து போச்சு. ஆர்.சி.ஏ.வோட பணமெல்லாம் ஏ.எம்.லயும், வரப்போற டி.வி.லயும் இருந்துச்சு. ஆர்ம்ஸ்ட்ராங் சொந்தக் காசைப் போட்டு நியூஜெர்ஸியில அல்பைன்ங்கிற இடத்துல ராட்சச டவர் எழுப்பி, எஃப்.எம். ஒலிபரப்பிக் காட்டினார். அன்னைக்கு எஃப்.எம். இருந்தது 42லிருந்து 50 மெகாஹெர்ட்ஸ்ல. மக்களும் லட்சக்கணக்குல ரேடியோ வாங்கிட்டாங்க. 1945ல அமெரிக்க அரசோட எஃப்.சி.சி., எஃப்.எம்.மை அங்கிருந்து கிளப்பி 88-108க்கு அனுப்பிடுச்சு. வாங்கி வச்ச ரேடியோ மொத்தமும் ஒரே உத்தரவுல பொம்மையாச்சு. ஆர்ம்ஸ்ட்ராங் கையில இருந்த காசும் கரைய ஆரம்பிச்சது. 1948ல ஆர்.சி.ஏ. மேல காப்புரிமை வழக்குப் போட்டார். வழக்கு இழுத்துச்சு, பணம் போச்சு, உடம்பு போச்சு, வீட்டுல நிம்மதியும் போச்சு. 1954 ஜனவரி கடைசி நாள் ராத்திரி, தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார். வயசு 63.

மரியன் விடலை. ஆர்.சி.ஏ.கிட்ட அந்த வருஷமே பத்து லட்சம் டாலருக்கு மேல வாங்கிச் சமரசம் பண்ணிட்டு, மிச்சமிருந்த கம்பெனிகள் மேல ஒண்ணு ஒண்ணா வழக்கு நடத்தினாங்க. கடைசி வழக்கு 1967ல முடிஞ்சது. ஜெயிச்சது மரியன். தோத்த கம்பெனி எது தெரியுமா? மோட்டோரோலா. காருக்கு ரேடியோவைக் கொண்டு வந்த அதே கம்பெனி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1945ல அந்த உத்தரவு வராம எஃப்.எம். 46 மெகாஹெர்ட்ஸ் பக்கமே இருந்திருந்தா, கால் அலை நீளம் 1.6 மீட்டர். அண்ணன் வண்டியில என் தோள் உயரத்துக்கு ஒரு கம்பி நின்னுருக்கும். ஒரு மனுஷனை ஓட்டாண்டியாக்கின அந்த இடமாத்தம்தான் நம்ம கார்க் கம்பியைப் பாதியா வெட்டினதும். இதை நினைச்சா எனக்கு ஒரு மாதிரி ஆயிடுது.

(இடைச்செருகல்: இந்தியாவுல முதல் எஃப்.எம். ஒலிபரப்பு எங்கன்னு நினைக்கிறீங்க? நம்ம சென்னையில, 1977 ஜூலை 23. காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.)

*

அமெரிக்காவுல எஃப்.எம். இப்படிச் சவலையா கிடந்தப்ப, அதைத் தூக்கி வளர்த்தது ஜெர்மனி. விரும்பி இல்லைங்க, வேற வழி இல்லாம. போர்ல தோத்த நாடு. 1948ல கோபன்ஹேகன்ல ஐரோப்பாவுக்கு மீடியம் வேவ் அலைவரிசைகளைப் பங்கு போட்டப்ப, ஜெர்மனிக்குக் கிடைச்சது சொற்பம். பந்தியில இடம் கிடைக்காதவன் கொல்லைப்புறமா அடுப்பு மூட்டுற மாதிரி, 1949லேயே எஃப்.எம். ஒலிபரப்பை ஆரம்பிச்சுட்டாங்க. 1952ல பிளாபுங்க்ட் கம்பெனி காருக்கான முதல் எஃப்.எம். ரேடியோவை வெளியிட்டுச்சு. அடுத்த வருஷமே பெக்கர் கம்பெனியோட 'மெக்ஸிகோ', தானே ஸ்டேஷன் தேடுற ரேடியோ. ரேடியோ இவ்வளவு தரமா வந்தா ஆண்டெனாவும் தரமா இருக்கணும்ல? எஸ்லிங்கன் ஊர்ல 1924லேர்ந்து இருக்குற ஹிர்ஷ்மான் கம்பெனி இதுல பேர் வாங்கினது. பழைய மெர்சிடிஸ்கள்ல தானே ஏறி இறங்குற அந்த வழவழக் கம்பி பெரும்பாலும் அவங்க செஞ்சதுதான்.

ஏன் ஏறி இறங்கணும்? கம்பிக்கு எதிரிகள் அப்படி. முதல் எதிரி தானியங்கி கார் கழுவுற இடம். சுத்துற பிரஷ்ல மாட்டுனா முடிஞ்சது கதை. ரெண்டாவது, தெருவுல போற வாண்டுப் பசங்க. ஒடிஞ்ச இடத்துல துணி மாட்டுற ஹேங்கர் கம்பியைச் சொருகி ஓட்டுறது அமெரிக்காவுல ஒரு தேசிய வழக்கமாவே இருந்துச்சு. மூணாவது, காத்து. வேகமாப் போனா வழவழப்பான கம்பி ஊளையிடும். அதனாலதான் சில நிலையான கம்பிகள்ல திருகு மாதிரி ஒரு இழை சுத்தியிருக்கும். பெரிய ஆலைப் புகைபோக்கிகள்ல சுத்தியிருக்குமே, அதே வித்தைதான். நாலாவது எதிரி கார் டிசைனர். மாசக்கணக்கா களிமண்ல தடவித் தடவிச் செஞ்ச வளைவுல ஒருத்தன் வந்து ஒரு ஈர்க்குச்சியைக் குத்தினா அவருக்கு எப்படி இருக்கும்!

கையால இழுத்து விடுற கம்பி முதல்ல வந்துச்சு. 1940கள்ல விலை உயர்ந்த சில அமெரிக்கக் கார்கள்ல எஞ்சினோட உறிஞ்சு விசையை வச்சே கம்பியை ஏத்தி இறக்கினாங்க. அன்னைக்கு வைப்பருக்கும் அதே உறிஞ்சு விசைதான். அப்புறம் மின் மோட்டார்.

மோட்டார் ஆண்டெனாவைப் பிரிச்சுப் பார்த்திருக்கீங்களா? ரொம்ப எளிமையான சமாச்சாரம். ஒண்ணுக்குள்ள ஒண்ணா சொருகின மெல்லிய குழாய்கள், அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரியே. நடுக் கம்பியோட அடியில ஒரு நீளமான நைலான் இழை. ஒரு பக்கம் பல் வெட்டியிருக்கும். கீழ தட்டையா ஒரு டப்பா, அதுல மோட்டார், வார்ம் கியர், நைலானைச் சுருட்டி வச்சுக்க ஒரு உருளை. கியர் பல்லு நைலான் பல்லைப் பிடிச்சுத் தள்ளினா கம்பி ஏறும், இழுத்தா இறங்கும். உச்சிக்குப் போனதும் மோட்டார் எரிஞ்சு போகாம நழுவ ஒரு கிளட்ச். ரேடியோவைப் போட்டதும் அதுல இருந்து ஒரு ஒயர்ல 12 வோல்ட் வரும், 'ஏறு'ன்னு அர்த்தம். நின்னா, 'இறங்கு'. அடியில ஒரு சின்ன ரப்பர் குழாய், பொந்து வழியா இறங்குற மழைத்தண்ணி வெளியே போக. அந்தக் குழாய் அடைச்சா மோட்டார் துருப்பிடிச்சுச் சாகும்.

இதுல நைலானை மட்டும் குறை சொல்லாதவங்க கிடையாது. "இரும்புல செஞ்சிருக்கக் கூடாதா?" கூடாதுங்க. வளையணும், சுருளணும், அதே சமயம் கீழ இருந்து தள்ளுனா மடங்காம நிக்கணும். இதெல்லாம் நைலானுக்குத்தான் வரும். அதோட, எங்கயாவது ஒண்ணு போகணும்னா மலிவான இழை போகட்டும், மோட்டாரும் கியரும் தப்பிக்கட்டும். வீட்டு ஃபியூஸ் மாதிரி. இருபது முப்பது வருஷம் ஏறி இறங்கின நைலான் அறுந்தா அதுக்குப் பேர் கோளாறு இல்லை, ஓய்வு.

*

டிசைனர்கள் கம்பியை ஒழிக்க எடுத்த முயற்சிகள் தனிக் கதை. 1953ல ஜெனரல் மோட்டார்ஸ் செஞ்ச முதல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார், மொத்தமே 300தான் அந்த வருஷம், உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். அலை ஃபைபருக்குள்ள தாராளமா நுழையும். அதனால டிக்கி மூடிக்குள்ளேயே ஒரு கம்பி வலையை வச்சுப் புதைச்சுட்டாங்க. இரும்புக் கூரையால விரட்டப்பட்ட கோழி வலை, இருபது வருஷம் கழிச்சு டிக்கி வழியா வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி! ஆனா ஃபைபர் உடம்புல ஒரு சிக்கல், எஞ்சின் ஸ்பார்க் சத்தத்தையும் அது தடுக்காது. அதுக்குத் தனியா தகடு போட்டு மூடினாங்க.

1969 மாடல் பான்டியாக் கிராண்ட் ப்ரீயில முன் கண்ணாடிக்குள்ள தலைமுடி மாதிரி கம்பியைப் பதிச்சாங்க. பார்க்க அழகு, கேட்க சுமார். அப்புறம் பின் கண்ணாடியில பனி உருக்குற கோடுகளோட ஆண்டெனாக் கோடும் சேர்ந்துக்கிச்சு. சிக்னல் குறையுறதை ஈடுகட்ட ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர். 2001ல பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் கூரையில சுறா முதுகுத் துடுப்பு மாதிரி ஒண்ணு வந்து, பிறகு ஊர்ல உள்ள கார் பூரா முளைச்சுடுச்சு. அது சின்னதா இருக்கக் காரணம் அதே கால் அலைக் கணக்குதான். ஜி.பி.எஸ்., செல்போன், சாட்டிலைட் ரேடியோ இதுக்கெல்லாம் அலை நீளம் சென்டிமீட்டர் கணக்கு.

இப்ப ரேடியோவுக்கே காரில் இடம் ஆட்டம் கண்டுடுச்சு. நார்வே 2017ல தேசிய எஃப்.எம். ஒலிபரப்புகளை மூடிட்டு டிஜிட்டலுக்குப் போயிடுச்சு. மின்சாரக் கார்கள்ல மோட்டார் கிளப்புற இரைச்சல் ஏ.எம்.மைக் கெடுக்குதுன்னு சில கம்பெனிகள் ஏ.எம்.மையே எடுத்துட்டாங்க. புயல் வெள்ளம்னா செல்போன் டவர் விழும், அப்ப அந்த ஏ.எம். ஸ்டேஷன்தானே பேசும்னு 2023ல அமெரிக்க நாடாளுமன்றத்துல எல்லாக் காருக்கும் ஏ.எம். கட்டாயம்னு மசோதாவே கொண்டு வந்தாங்க. அந்த வாதத்தைப் படிச்சப்பதான் எனக்கு ரப்பர் மூடி ஐடியா கசந்து போச்சு. காசுக்காகச் சொல்லலை. ஒரு வண்டியோட காதை, 'இப்ப யாரும் பேசலை'ன்னு அடைக்கிறது சரியாப் படலை.

*

அண்ணன் வண்டிக்கு வருவோம். 1989 பிப்ரவரியில சிகாகோ கார் கண்காட்சியில மியாட்டாவை மாஸ்டா அறிமுகப்படுத்தினப்ப, இந்த ஆண்டெனாப் பிரச்சினைக்கு அவங்களுக்கு வேற வழியே இல்லை. கூரை மடங்குற துணி, அதுல வலை வைக்க முடியாது. பின் ஜன்னல் பிளாஸ்டிக், அதுல கோடு போட முடியாது. உடம்பு இரும்பு, அதுக்குள்ள புதைக்க முடியாது. ஆக பின் மட்கார்டுல ஒரு பொந்து. எஞ்சினை விட்டுத் தள்ளி இருக்குறதால ஸ்பார்க் தொல்லையும் கம்மி. சாதாரண மாடலுக்குத் திருகி மாட்டுற கம்பி, சில ஆப்ஷன் பேக்கேஜ்களுக்கு மட்டும் மோட்டார்.

பழைய மியாட்டாவைக் காப்பாத்துறதுல மாஸ்டாவே இறங்கி இருக்காங்கங்கிறது ஒரு சந்தோஷம். 2017ல ஜப்பான்ல முதல் தலைமுறை வண்டிகளை எடுத்துப் புதுப்பிச்சுத் தர்ற திட்டத்தை அறிவிச்சாங்க. நின்னு போன துணிக்கூரை, அந்தக் காலத்து டயர், நார்டி மர ஸ்டியரிங்னு மறுபடி செய்யவும் ஆரம்பிச்சாங்க. இருந்தும் கம்பிக்கு நான் அவ்வளவு தூரம் போகலை. கடையில கேட்டப்ப "மோட்டாரோட முழு செட்டா மாத்தணும் சார்"னாங்க. மோட்டார்தான் நல்லா சுத்துதே, எலி மாதிரி! கம்பியும் நைலானும் மட்டும் தனியா வரவழைச்சேன். விலை முழு செட்டுல ஒரு சின்ன பங்குதான்.

அடுத்த சனிக்கிழமை, கராஜ்ல ரெண்டு பேரும் உக்காந்தோம். நைலான் முழுசா இருந்தா வேலை சுலபம். மேல இருக்குற நட்டைக் கழட்டிட்டு ரேடியோவைப் போட்டா, மோட்டாரே பழைய கம்பியைத் துப்பிடும். நமக்கு அறுந்த துண்டு உள்ள மாட்டியிருக்கு. டிக்கி உள்லைனிங்கைப் பிரிச்சு, டப்பாவை வெளியே எடுத்து, மூடியைத் திறந்தோம். உருளையில சுருண்டு கிடந்த துண்டு மஞ்சளாகி, தொட்டா நொறுங்குற பதத்துல இருந்துச்சு. இருபது வருஷத்துக்கு மேற்பட்ட கிரீஸ், கறுப்பு அல்வா மாதிரி. துடைச்சுப் புதுசா கொஞ்சமா தடவினோம். கம்பி மேல மட்டும் கிரீஸ் கூடவே கூடாது. மண்ணு ஒட்டிக்கிட்டு உள்ள போய் அரைக்கும். துணியால துடைச்சா போதும்.

டப்பாவை மாட்டியாச்சு. இப்பதான் ரெண்டு ஆள் தேவை. நான் பின்னாடி நின்னு புது நைலானைப் பொந்துக்குள்ள விட்டுப் பிடிச்சுக்கிட்டேன். பல்லு கியர் இருக்குற பக்கம் பார்க்கணும், அதுல தப்பினா மொத்தமும் வீண். "அண்ணே, ரேடியோ போடுங்க"ன்னேன். மோட்டார் சுத்துச்சு. "இப்ப நிறுத்துங்க." மோட்டார் திரும்பிச் சுத்த, உள்ளேர்ந்து யாரோ மெதுவா கையைப் பிடிச்சு இழுக்குற மாதிரி நைலான் இறங்க ஆரம்பிச்சது. பாதியில நழுவிடுச்சு. மறுபடி. ரெண்டாவது தடவையும் நழுவிடுச்சு. மூணாவது தடவை லேசா திருப்பிக் குடுத்தேன், பல்லு பிடிச்சது கையில தெரிஞ்சது. முக்கால் மீட்டர் கம்பியும் ஒவ்வொரு கணுவா உள்ள போயிடுச்சு. நட்டைப் போட்டு முறுக்கினேன்.

"போடுங்கண்ணே."

கம்பி ஏறுச்சு. கராஜ் விளக்குல பளபளன்னு. அண்ணன் எஃப்.எம்.ல இல்லை, ஏ.எம்.ல வச்சார். உள்ளூர் ஸ்டேஷன்ல யாரோ சாயங்காலம் மறுபடி உறைபனி இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அண்ணி வாசல்ல வந்து எட்டிப் பார்த்து, "சக்களத்திக்குக் கொம்பு முளைச்சாச்சா?"ன்னுட்டுப் போனாங்க.

அண்ணன் ரேடியோவை நிறுத்தினார், கம்பி இறங்குச்சு. போட்டார், ஏறுச்சு. நிறுத்தினார், இறங்குச்சு. நாலாவது தடவை கையைக் கொண்டு போனப்ப நான்தான் பிடிச்சுக்கிட்டேன்.

"அண்ணே, நைலான்ணே... நைலான்."